வாம்பேட்டின் படுக்கையை யார் துவைப்பது?

'வாம்பேட் தனியாகத் திரியும் விலங்கு என்கிறீர்கள். ஒன்றையொன்று தொடாமலே அவற்றுக்குள் சொறி எப்படிப் பரவுகிறது?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் மண்ணில் வளை தோண்டி வாழும் வாம்பேட் என்றாலே அதன் கனசதுரப் புழுக்கையைப் பற்றித்தான் கேட்பார்கள். இது அதைவிட நல்ல கேள்வி.

நம் தெருவில் முடி கொட்டி, தோல் தடித்துத் திரியும் சொறிநாயைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதற்குக் காரணமான 'சார்கோப்டிஸ் ஸ்கேபீ' என்ற சிற்றுண்ணிதான் ஆஸ்திரேலிய வாம்பேட்டையும் கொல்கிறது. மனிதருக்கு வரும் சிரங்கும் இதே இனத்தால்தான். ஐரோப்பியக் குடியேறிகளும் அவர்களுடைய நாய்களும் கொண்டுவந்து இறக்கிய சரக்கு இது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 'இயற்கை தானே சரிசெய்துகொள்ளும்' என்று கைகட்டி நிற்பவர்களை நான் ஏற்காததற்கு அதுவே காரணம். கப்பலில் வந்த நோய்க்கு இயற்கையைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை.

பெண் சிற்றுண்ணி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி, நாளுக்கு 2, 3 முட்டை இடும். 3, 4 நாளில் முட்டை பொரியும். ஏறக்குறைய 2 வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். மனிதருக்கு வரும் சாதாரணச் சிரங்கில் மொத்தமே 10, 15 பெண் உண்ணிகள்தான் இருக்கும். வாம்பேட்டுக்கு வருவது பொருக்குச் சொறி. அடுக்கடுக்காகப் பொருக்கு கட்டும். அதற்குள் ஆயிரக்கணக்கில் உண்ணிகள். கண்ணும் காதும் மூடிக்கொள்ளும். முடி போன உடலிலிருந்து வெப்பம் வீணாக வெளியேறும். இழந்ததை ஈடுகட்ட, இரவில் மேய வேண்டிய பிராணி பகலிலும் மேயும், ஆனாலும் மெலியும். வெடித்த தோலில் கிருமித்தொற்று ஏறி இறக்கும்.

இனி வாசகரின் கேள்வி. விடை வளைக்குள் இருக்கிறது. உடலைவிட்டு விழுந்த சிற்றுண்ணியைக் கொல்வது பசியைவிட, உலர்தல்தான். நம் வீட்டுத் தரையில் விழுந்தால் ஓரிரு நாளில் காய்ந்து சாகும். ஆனால் குளிர்ந்த, ஈரமான காற்றில் அதன் ஆயுள் நீளும். ஆய்வகத்தில் 10 டிகிரி செல்சியஸில், ஈரப்பதம் மிகுந்த நிலையில், 19 நாள் வரை பிழைத்திருக்கிறது. வாம்பேட் வளையும் ஏறக்குறைய அப்படிப்பட்ட இடம்தான்: வெயில் புகாது, காற்று வீசாது, ஈரம் தங்கும். நோயுற்ற வாம்பேட் அங்கே படுத்துச் சொறியும்போது பொருக்கு உதிர்கிறது. சில நாளில் அது வேறு வளைக்குப் போய்விடும். காலியான வளைக்கு இன்னொன்று வரும். இரண்டும் முகத்தைக்கூடப் பார்த்திருக்காது. ஆனால் ஒரே படுக்கையில் படுத்திருக்கின்றன. உடல் வெப்பத்தையும் வாடையையும் உணர்ந்து உண்ணி ஊர்ந்து ஏறும்.

நமக்குச் சிரங்கு வந்தால் மருத்துவர் என்ன சொல்வார்? களிம்பை ஒரு வாரம் கழித்து மறுபடி பூசு, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசுங்கள், போர்வையை வெந்நீரில் துவை. வாம்பேட் விஷயத்தில் மூன்றுமே கஷ்டம். மூன்றாவதற்கு வழியே இல்லை.

இருந்தும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வளை வாயில் ஒரு கம்பிச் சட்டத்தை ஊன்றி, ஐஸ்கிரீம் டப்பா மூடி போன்ற பிளாஸ்டிக் தட்டியைத் தொங்கவிடுவார்கள். அதில் ஒரு பாட்டில் மூடியைப் பொருத்தி, மாட்டு முதுகில் ஊற்றும் மாக்ஸிடெக்டின் மருந்தை அளந்து விடுவார்கள். வாம்பேட் தட்டியை முட்டிக்கொண்டு போகும்போது மூடி கவிழ்ந்து மருந்து முதுகில் விழும். முதலில் வாயிலுக்குக் குறுக்கே மெல்லிய குச்சிகளை நட்டு வையுங்கள். காலையில் சாய்ந்திருந்தால் வளையில் நடமாட்டம் இருக்கிறது. தட்டி கட்டியதும் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டுத்தான் மருந்து.

கெட்டுப்போவதற்கும் வழிகள் ஏராளம். வளைக்கு இரண்டாவது வாயில் இருக்கும். காற்றில் தட்டி ஆடி மருந்து மண்ணில் கொட்டும். வாலபி என்ற சிறு கங்காருவோ போசம் போன்ற வேறு பிராணியோ முட்டிவிட்டுப் போகும். தடித்த பொருக்கு மருந்தைத் தோலுக்கு விடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து நடமாடும் உண்ணியைத்தான் கொல்லும், முட்டையை விட்டுவிடும். அதனால் வாரந்தோறும், மாதக்கணக்கில், அந்தப் பகுதியின் எல்லா வளைகளிலும் ஊற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவில், நரவுண்டாப்பு தேசியப் பூங்காவில் அப்படியும் முயன்றார்கள். சில வாம்பேட்டுகள் தேறின, நோய் நிற்கவில்லை. 2010 முதல் 7 ஆண்டுகளில் அங்கே வாம்பேட் எண்ணிக்கை 94 விழுக்காடு சரிந்தது.

அந்தச் சரிவைப் பதிவுசெய்த ஆலின் மார்ட்டினும் ஸ்காட் கார்வரும் கனசதுரப் புழுக்கை ஆய்விலும் பங்குபெற்றவர்கள். 2019இல் அந்தப் புழுக்கை ஆய்வுக்காக, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு கிடைத்தது, உலகமே சிரித்து ரசித்தது. சொறி ஆய்வுக்கு அதில் பாதிக் கவனம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இன்றும் தட்டி கட்டப் போகிறவர்களில் பலர் தன்னார்வலர்கள்தான்.

இப்போது நம்பிக்கை தருவது, நாய், பூனைகளின் உண்ணிக்குத் தரும் ஃபுளூராலனர் என்ற மருந்து. டாஸ்மேனியப் பல்கலைக்கழகக் குழு இதை வாம்பேட்டுகளில் சோதித்தது. ஒருமுறை ஊற்றினால் வாரக்கணக்கில் உடலில் நிற்கும். பிறகு பொரிக்கும் குஞ்சுகளும் அதற்கே இரையாகும்; வேறு வளையில் புதிதாக ஏறும் உண்ணியும் பிழைக்காது. துவைக்க முடியாத படுக்கையில், படுப்பவரின் தோலையே நஞ்சாக்கும் உத்தி இது.

மாக்ஸிடெக்டின் தட்டி வைப்பவர்கள் அடிக்கடி சறுக்குவது ஓரிடத்தில். சில வாரத்தில் பொருக்கு உதிர்ந்து, கீழே இளஞ்சிவப்புத் தோலும் புது முடியும் தெரியும். குணமாகிவிட்டது என்று தட்டியைக் கழற்றிவிடுவார்கள். உதிர்ந்த பொருக்கு முழுவதும் அப்போது வளைத் தரையில்தான் கிடக்கிறது.