சுவரின் அடியையும் நீருக்குள் இருக்கும் மணலையும் பாருங்கள்

கடல் தடுப்புகளை ஆய்வு செய்யப் போகும் இடங்களில் எல்லாம் கரையோர மக்கள் கேட்பது இதுதான்: "நூறு வருஷத்துப் புயலைத் தாங்குமாமே, அப்புறம் எங்களுக்கு என்ன கவலை?" கவலைப்பட இடம் இருக்கிறது. நூறு ஆண்டுப் புயல் என்றால் ஒவ்வோர் ஆண்டும் அது வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்று பொருள். அடுத்த ஆண்டே வரலாம். 50 ஆண்டு நிற்க வேண்டிய சுவர் தன் காலத்தில் ஒருமுறையாவது அப்படியொரு புயலைச் சந்திக்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். இந்தக் கணக்கைக் கட்டும்போதே மக்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுவரின் தலை நேராக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் காலடி மணலைத்தான் முதலில் பறிக்கும். அடித்தளக் கற்கள் சரிந்த பிறகே மேலே விரிசல் தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும். சுவருக்குப் பின்னால் தரையில் சிறு பள்ளம் விழுந்திருந்தால் அதை மண் போட்டு மூடிவிட்டுப் போகக் கூடாது. கற்களுக்கு அடியில் நீரை விட்டு மண்ணைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டு அடுக்கு கிழிந்து மண் கடலுக்கு வெளியேறுகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். சுவரைத் தாண்டி விழும் நீரும் பின்பக்கத்தை அரிக்கும்.

போர்ச்சுகலில் சீனெஸ் துறைமுக அலைத்தடுப்பு 1978 பிப்ரவரிப் புயலில் பெருஞ்சேதம் அடைந்தது. ஒவ்வொன்றும் 42 டன் எடையுள்ள டோலோஸ் கான்கிரீட் கட்டைகளில் பெரும்பகுதி போய்விட்டது. அவை அலையில் ஆடி, மோதி, உடைந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. எடை மட்டும் போதாது, கட்டையின் உடல் வலிமையையும் தனியே சோதிக்க வேண்டும் என்று எங்கள் துறை கொடுமையான விலை கொடுத்துக் கற்றது.

மணல் கொட்டி மீட்ட கடற்கரையில் நிலைமை வேறு. முதல் சில மாதங்களில் அகலம் குறைந்ததும், "போட்ட பணமெல்லாம் கடலோடு போச்சு" என்ற பேச்சு எழும். கரையில் செங்குத்தாகக் கொட்டிய மணலை அலை நீருக்கடியில் பரப்பி இயல்பான சரிவுக்குக் கொண்டுவருகிறது. அந்த மணல் அலையைத் தொலைவிலேயே உடைத்துக் காவல் செய்துகொண்டுதான் இருக்கும். அதனால் காய்ந்த மணலின் அகலத்தை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது; அலை அடிமணலைப் பெரிதாக நகர்த்தாத ஆழம் வரை அளக்க வேண்டும். நெதர்லாந்து 1965 முதல் ஆண்டுதோறும் தன் கரையைக் குறுக்குவெட்டாக அளந்துவருகிறது. 2011இல் அங்கே 2.15 கோடி கன மீட்டர் மணலைக் குவித்து 'மணல் மோட்டார்' அமைத்தார்கள். அலையும் காற்றும் நீரோட்டமும் அதைப் பரப்ப வேண்டும் என்பதே திட்டம்.

உண்மையான இழப்பும் உண்டு. கொட்டிய மணல் அந்தக் கரையின் இயல்பான மணலைவிடப் பொடியாக இருந்தால் சீக்கிரம் போய்விடும். கரையோர நீரோட்டம் இரு முனைகளிலிருந்தும் கொண்டுபோகும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்து ஊருக்கு அரிப்பு போகும். பக்கத்துக் கரையை அளக்காத ஆய்வறிக்கையை நான் முழுமையானதாக ஏற்பதில்லை.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு பணி நடந்திருந்தால் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: பணி முடிந்த நாளின் அளவீடு, கடைசி அளவீடு, எவ்வளவு மணல் குறைந்தால் மறுபடி நிரப்புவார்கள் என்ற வரம்பு. புயல் அடித்தால் சில நாட்களுக்குள் அளக்கச் சொல்லுங்கள். அமைதியான அலைகள் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கிவிட்டால் அந்தப் புயல் எவ்வளவு எடுத்தது என்பதைப் பிறகு அளக்க வழியில்லை.