ஃபேன் நின்றால் முழித்துக்கொள்ளும் கணினி

குளச்சலில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "எங்க சித்தப்பா ஹாம் லைசன்ஸ், அதாவது பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறதுக்கான லைசன்ஸ், வச்சிருக்காரு. காலையில வேலைக்குப் போயிட்டு ராத்திரி வந்து உக்காந்தா, பகல் முழுக்க ரேடியோவுல மத்தவங்க பேசினதெல்லாம் கம்ப்யூட்டர்ல வரிசையா, இடைவெளியே இல்லாம இருபது நிமிஷத்துல ஓடி முடிஞ்சிருது. ஆள் பேசுறது அதுக்கு எப்படி சார் தெரியுது?"

தெரியாது தம்பி. பேச்சு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அதுதான் இதில் அழகு.

கருவியை முதலில் முடித்துவிடுவோம். குமரி பண்பலை நாள் முழுக்க ஒலிக்கும். ஹாம்கள் புழங்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டை அப்படியல்ல. மணிக்கணக்கில் வெறும் இரைச்சல், நடுவில் யாரோ பத்து வினாடி பேசுவார்கள். பழைய ஸ்கேனர் ஒவ்வொரு சேனலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஓடும்; ஒன்றில் நின்றால் மற்றதைத் தவறவிடும். இப்போது, டிவி பார்ப்பதற்கென்று விற்ற யுஎஸ்பி டாங்கிள் ஒன்றே போதும். அதன் ஆர்டிஎல்2832யூ சிப்பை வானொலி ரிசீவராக்கலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரிய வந்தது. வினாடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுத்தால், அதாவது அலையை அத்தனை முறை அளந்தால், அந்த 2 மெகாஹெர்ட்ஸ் பட்டை மொத்தமும் ஒரே வாயில் கணினிக்குள் வந்துவிடும். மீதி எல்லாம் மென்பொருள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ராத்திரி கரண்டு போனால் நமக்கு ஏன் முழிப்பு வருகிறது? சத்தம் கேட்டு அல்ல, ஃபேன் சத்தம் நின்றதால். கணினியும் அப்படித்தான் முழிக்கிறது. இதற்கு ஸ்குவெல்ச் என்று பெயர்.

எஃப்.எம். ரிசீவர் அலையின் பலத்தைப் பொருட்படுத்தாது. அலை எவ்வளவு வேகமாக முன்னும் பின்னும் திரும்புகிறது என்பதை மட்டுமே ஒலியாக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு கம்பில் துணி கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிலையான காற்று இல்லாதபோது துணி இஷ்டத்துக்குச் சுற்றும்: இப்போது கிழக்கு, மறு நொடி வடக்கு. வெறும் ஆன்டெனாவின் நிலை இதுதான். வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் ஆடும் ஆட்டத்தைப் பெருக்கிப் பெருக்கி, அந்தக் கிறுக்குத் திருப்பங்களையெல்லாம் ரிசீவர் ஒலியாக்குகிறது. அதுதான் நாம் கேட்கும் 'ஷ்ஷ்ஷ்'. கணவாய்க் காற்று பிடித்ததும் துணி ஒரே பக்கம் விறைத்து நிற்கும், நுனி மட்டும் லேசாகப் படபடக்கும். ஒருவர் மைக் பட்டனை அமுக்கியதும் அவருடைய ஊர்தி அலை (பேச்சைச் சுமந்து வரும் அலை) செய்வதும் இதைத்தான். அவர் வாயே திறக்க வேண்டாம், இரைச்சல் அந்த நொடியே அடங்கிவிடும். பேசினால் துணி மொத்தமாக இப்படியும் அப்படியும் அசையும், அவ்வளவுதான்.

ஆனால் பேச்சும் ஒலி, இரைச்சலும் ஒலி. இரண்டையும் பிரிப்பது எப்படி? வானொலியில் மனிதக் குரல் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி முடிந்துவிடும். இரைச்சலோ அதற்கு மேலும் தாராளமாகப் பரவிக் கிடக்கும். எனவே அந்த மேல்பகுதியை மட்டும் வடிகட்டி எடுத்து அளந்தால் போதும். அங்கே 'ஷ்ஷ்' அதிகமா? யாரும் இல்லை, பதிவுக் கதவை மூடு. குறைந்துவிட்டதா? திற. பேசுபவர் கத்தினாலும் முணுமுணுத்தாலும் இந்த அளவையில் பெரிய மாற்றம் இராது, அவர் குரல் அந்தப் பக்கமே வருவதில்லை. கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, கேட்காத இடத்தில் காது வைக்கிற இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இதை நானே செய்து பார்த்தபோது முதல் முயற்சி சொதப்பியது. இந்திய ஹாம்களின் அழைப்புக்குறி (ஒவ்வொருவருக்கும் உள்ள வானொலி அடையாளம்) வி.யூ. என்று தொடங்கும், அதை "விக்டர் யூனிஃபார்ம்" என்று சொல்வார்கள். என் பதிவில் எல்லாருமே "...டர் யூனிஃபார்ம்". இரைச்சல் அடங்கியதை அளந்து முடிவெடுப்பதற்குள் "விக்" போய்விட்டது. கடைசி அரை வினாடி ஒலியை எப்போதும் நினைவில் சுற்றவிட்டு, கதவு திறந்ததும் அதையும் சேர்த்து எழுதினால் சரியாகிவிடும். மூடுவதிலும் அவசரம் கூடாது. இரண்டு வினாடி பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே உரையாடல் ஐம்பது துண்டாகும்.

மிச்சம் கணக்குப்பிள்ளை வேலை. வினாடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட்: நாள் முழுக்கப் பதிந்தால் 1.38 ஜிபி, இருபது நிமிடப் பேச்சு மட்டும் என்றால் 19 எம்பி. ஒவ்வொரு துண்டுக்கும் ஆண்டு-மாதம்-நாள்-நேரம் என்ற வரிசையில் பெயர் வைக்க வேண்டும். அப்போதுதான் அகர வரிசையே கால வரிசையாக அமையும். நான் நம் வழக்கப்படி தேதியை முன்னால் போட்டு, மாதம் மாறிய அன்று பதிலுக்குப் பிறகு கேள்வி வந்த கூத்தும் நடந்தது. பிளேயர் அந்த ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டே இருந்து, புதிது வந்ததும் வரிசையில் சேர்க்கும். எழுதி முடியாத கோப்பை அது வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க, பதிவு முடியும்வரை வேறு பெயரில் வைத்து, முடிந்தபின் பெயர் மாற்றினால் போதும்.

இதை வைத்துப் போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்கலாமா என்று கேட்காதீர்கள். சட்டம் விடாது. ஹாம் தேர்வு எழுதுங்கள்.  

ஒருநாள் அதிகாலை 3.12-க்கு ஒரு கோப்பு பதிவாகியிருந்தது. ஒன்பது வினாடி, கரகரத்து, ஏறி இறங்கும் ஆண் குரல். பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டு, "கடல்ல போனவங்க ஆவிதான், வீட்டுல வைக்காத" என்றார். காற்றில்லாத இரவுகளில் கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் சூடான வறண்ட அடுக்கு ஒன்று படியும். வி.எச்.எஃப். அலை (நம் 144 மெகாஹெர்ட்ஸ் அந்த வகைதான்) மேலே தப்பிப் போகாமல் அந்த அடுக்குக்குக் கீழே வளைந்து வளைந்து வெகுதூரம் வரும். நம் கடற்கரையில் சில நாள் இலங்கை எஃப்.எம். கேட்பதும் இதனால்தான். ஹெட்போன் மாட்டி நான்கு முறை ஓட்டினேன். நான்காம் முறை அழைப்புக்குறியின் முன்பகுதி பிடிபட்டது: "ஃபோர் சியரா செவன்". சியரா என்றால் எஸ். 4எஸ்7, இலங்கைக் குறி அது.  கொழும்பு கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 285 கிலோமீட்டர். அவர் யாரையோ கூப்பிட்டிருக்கிறார், யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த கோப்பு காலை 6.40-க்குத்தான்.