கூண்டுல இருந்து பறந்துபோன கிளி என்ன ஆகும்?

போன மாசம் எங்க தெருவுல ஒரு வீட்டுல கூண்டு கழுவும்போது லவ் பேர்ட்ஸ் (பட்ஜெரிகர்ங்கற சின்னக் கிளி) மூணு பறந்துடுச்சு. அதுல மஞ்சக் கலர் ஒண்ணு எங்க முருங்கை மரத்துல வந்து உக்காந்துச்சு, ரெண்டே நிமிஷத்துல காக்காங்க சுத்திகிச்சு. கீழ வரப்பு பூரா புல்லு கதிர் விட்டு நிக்குது, அது திரும்பிக்கூட பாக்கல, கிண்ணத்துத் தினை தின்னே பழகினது. மறுநாள் காலையில கொல்லையில மஞ்ச இறகுதான் கெடந்துச்சு. மனசே ஆறல.

ஆனா நம்ம பச்சைக்கிளி, அதான் ஆணுக்குக் கழுத்துல வளையம் இருக்குமே, அது கூண்டுலேருந்து தப்பிச்சு லண்டன் பக்கம் ஆயிரக்கணக்குல பெருகியிருக்கு. 1969லயே லண்டனுக்குப் பக்கத்துல இருக்குற கென்ட்ல குஞ்சு பொரிச்சிருக்கு. பனி கொட்டுற ஊர்ல எப்படி?

அந்தக் காலத்துல ஐரோப்பாவுக்குப் போன கிளிங்கள்ல நிறைய காட்டுலேருந்து புடிச்சது. எதைத் தின்னணும், வல்லூறு வந்தா எங்க ஒளியணும்னு அதுக்குத் தெரியும். மரபணுவைப் பாத்தா பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியா வம்சம், அதாவது குளிர் பாத்த கிளிங்க. 2007ல ஐரோப்பிய யூனியன் காட்டுப் பறவை இறக்குமதியையே தடை பண்ணிடுச்சு. நம்ம லவ் பேர்ட்ஸ் கதை வேற. ஆஸ்திரேலியாவுல காட்டுல இருக்குறது பச்சை, புல்லோட புல்லா மறைஞ்சிடும். மஞ்ச, வெள்ளை எல்லாம் மனுஷன் ஆசைக்கு வளர்த்த கலர், தூரத்துலயே கண்ணுல படும்.

தப்பிச்சாலும் ஜோடி கிடைக்கணும், அப்புறம் பொந்து கிடைக்கணும். ரெண்டு இனமுமே கூடு கட்டாது, பொந்துலதான் முட்டை. புளோரிடாவுல லவ் பேர்ட்ஸ் ஆயிரக்கணக்குல பெருகி, அப்புறம் சரசரன்னு கொறைஞ்சுபோச்சு, பொந்துக்கு சிட்டுக்குருவியோட போட்டி ஒரு காரணம்னு சொல்றாங்க.

டெல்டாவுல 2018 நவம்பர்ல கஜா அடிச்சு தலை போன தென்னை எங்க கொல்லையில ஒண்ணு நிக்குது. தை மாசம் அதுல ஒரே பொந்துக்கு மைனாவும் பச்சைக்கிளியும் ஒரு வாரம் சண்டை, கடைசியில கிளி ஜெயிச்சு உள்ள போயிடுச்சு. இங்கயே பொறந்து வளர்ந்ததுக்கே இந்தப் பாடு.

உங்க வீட்டுப் பறவை பறந்துட்டா, அதோட ஜோடிய கூண்டோட மாடியில வைங்க, பக்கத்துலயே தினையும் வைங்க. சத்தம் கேட்டு எறங்க வாய்ப்பு இருக்கு, இருட்டுறதுக்குள்ள செய்யணும்.