ஆற்றங்கரைக்கு இவர்களை அழைத்து வருவது எது?

2023 டிசம்பர் 17-ஆம் தேதி தொடங்கிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை ஏறி வந்து திருநெல்வேலியின் கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, ஜங்ஷன் எல்லாவற்றையும் மூழ்கடித்தது. தண்ணீர் வடிய ஆரம்பித்த நேரத்தில், பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் எலுமிச்சைச் சாதம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். வாழை இலைத் துண்டு, அதன்மேல் ஒரு கரண்டிச் சாதம், ஓரத்தில் ஊறுகாய், செய்தித்தாள், நூல். சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் கல்லூரிப் பிள்ளைகள்.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். வேதியியல் படிக்கும் ஒரு பையன், "எங்க தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி ஏறலண்ணே. சும்மா இருக்க ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றான். அடுத்திருந்த பெண், பக்கத்துத் தோழியைக் காட்டி, "இவ கூப்ட்டா, வந்தேன்" என்றாள். சமூகப்பணி மேற்படிப்புக்குப் போக நினைக்கும் இன்னொருத்திக்கு, இப்படி ஒரு நேரத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும். கடைசியில் இருந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து அடுக்கிக்கொண்டே இருந்தான்.

கட்டிய பொட்டலம் ஒன்றுதான். கட்டிய காரணம் ஆளுக்கு ஒன்று. தொண்டு குறித்த உளவியல் இதிலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் கில் கிளாரி, மார்க் ஸ்னைடர் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், தொண்டு ஒருவருக்குள் என்ன வேலையைச் செய்கிறது என்று பார்த்து ஆறு வகைத் தூண்டுதல்களைப் பிரித்தார்கள். அடுத்தவர் மேல் உள்ள அக்கறை ஒன்று, புதிதாகக் கற்கும் ஆசை ஒன்று. நண்பர்களோடு சேர்ந்திருப்பது, வேலைவாய்ப்புக்கு உதவும் என்ற எண்ணம், தன்னைப் பற்றி நல்லவிதமாக உணர்வது என்று மேலும் மூன்று. ஆறாவது, மனதை அரிக்கும் ஒன்றிலிருந்து தப்பிப்பது. தன் தெருவில் தண்ணீர் ஏறாத பையனைக் கூட்டி வந்தது இந்த ஆறாவதுதான். அதைக் குற்ற உணர்வு என்று சொல்லிக் குறைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தெரு முங்கியபோது தன் தெரு தப்பித்தது உறுத்துகிறது என்றால், அந்த மனசு நல்ல மனசு.

ஒருவருக்குள் ஒரு தூண்டுதல் மட்டும் இருப்பதும் இல்லை. மாணவர்களிடம் கேட்ட பல ஆய்வுகளில் அக்கறைதான் முதலிடத்துக்கு வருகிறது. ஆனால் வயதானவர்களோடு ஒப்பிட்டால், கற்கும் ஆசையும் வேலை பற்றிய எண்ணமும் இளைஞர்களிடம் கூடுதல். வேலை தேடப்போகும் வயது, இயல்புதானே. 'சர்டிபிகேட்டுக்காக வாரான்' என்று ஒரு பையனை ஒதுக்குகிறவர்கள், அவனுக்குள் மற்ற ஐந்தும் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கிளாரி குழுவின் அந்த 1998 ஆய்வு காட்டிய இன்னொன்று முக்கியமானது. எந்த ஆசையோடு ஒருவர் வருகிறாரோ அது அந்த வேலையில் கிடைத்தால் மனநிறைவு கூடுகிறது, மறுபடி வரும் எண்ணமும் கூடுகிறது. கற்க வந்தவளை நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டில் தூக்க விட்டால் அடுத்த முறை வரமாட்டாள்.

சரி, கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும்? நாட்டு நலப்பணித் திட்டம், நாம் என்.எஸ்.எஸ் என்று சொல்வது, காந்தி நூற்றாண்டான 1969-இல் செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம். நானும் அதில்தான் வந்தேன். எங்கள் முகாமில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குளத்துக்கரையில் உடைமரம் வெட்டச் சொன்னார்கள், வெட்டினோம். பேனர் பிடித்துப் படம் எடுத்தார்கள். கையில் முள் கீறியதுதான் மிச்சம். அந்தக் குளத்துத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று ஏழு நாளில் ஒருவரும் சொல்லவில்லை. முகாம் முடிந்த பிறகு அந்த ஊர்ப் பக்கமே நாங்கள் போகவில்லை.

கட்டாயச் சேவையை ஸ்னைடர், கிளாரி குழுவினர் 1999-இல் ஆராய்ந்தார்கள். தானாகத் தொண்டு செய்யும் விருப்பம் குறைவாக இருந்த மாணவர்களிடம், கட்டாயம் பிற்கால ஆர்வத்தையும் குறைத்தது. அதே வேலையில் கொஞ்சம் தேர்வு கொடுத்தபோது அந்தச் சரிவு தென்படவில்லை. 2007-இல் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் 19 பெண்களிடம் ஆளுக்கு 100 டாலர் கொடுத்து, அவர்களது மூளையை ஸ்கேன் செய்தார்கள். பணத்தில் ஒரு பங்கு வரி போலத் தானாகவே உணவு வங்கிக்குப் போனபோதும், மகிழ்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதி உயிர்ப்புக் காட்டியது. தாங்களே முடிவு செய்து கொடுத்தபோது இன்னும் கூடுதலாக. கட்டாயத்திலும் நன்மை உண்டு, விருப்பத்தில் அது பெருகுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். குளம் தூர்வாருவதா, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே எங்கள் முகாம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973-இல் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. வழியில் ஒருவர் துவண்டு கிடக்கிறார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். களக்காட்டுக்குக் கடைசி வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்தாக வேண்டிய பெண்ணை, மாலை ஐந்து மணிச் சேவைக்கு வரவில்லை என்று கோபிக்கலாமா?

அப்புறம், தொடர்ந்து வருகிறவர்கள். மனிதருக்கு மூன்று தேவைகள் உண்டு என்கிறார்கள் உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும். தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, நமக்கு இது வருகிறது என்ற தெம்பு, நம்மாட்கள் என்று நாலு பேர். மூன்றும் கூடிய இடம் ஒன்று எனக்குத் தெரியும். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் நடத்திவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. முதலில் பயிற்சி, பிறகு குழு குழுவாகக் குளங்களுக்கு.

ஒரு ஜனவரிக் காலையில் நயினார்குளத்துக் கரையில் நின்றோம். பனி விலகவில்லை. முதல் தடவை வந்த ஒரு மாணவியிடம் பைனாகுலர் இருந்தது. பக்கத்தில் இருந்தவன் "நீர்க்காகம், நாப்பது" என்று எழுதப் போனான். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எலே, கழுத்தைப் பாரு. பாம்பு மாதிரி இருக்குல்லா. அந்த மூணும் பாம்புத்தாரா." பத்துப் பத்தாகத் திரும்ப எண்ணினார்கள். நீர்க்காகம் 37, பாம்புத்தாரா 3. அவளே தாளில் எழுதினாள். எழுதிய பிறகு, ஒருமுறை சரிபார்க்க மறுபடி பைனாகுலரைத் தூக்கினாள்.

மறு வருடம் அவளை அழைக்க வேண்டிய வேலை எனக்கு இருக்கவில்லை. பயிற்சிக்கு முந்தின நாள் விடுதி வாசலில் நின்று இரண்டு ஜூனியர் பெண்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஏட்டி, விடியக்காலம் அஞ்சரைக்குக் கிளம்பணும். வாரியளா?"