தத்து: கொடுத்தது யார்?

தமிழில் 'தத்து' ஒன்றல்ல, மூன்று. தவளை தத்தும், நடை பழகும் குழந்தை தத்தித் தத்தி வரும்: இது ஒன்று. 'பையனுக்கு எட்டு வயதில் ஒரு தத்து இருக்கிறது' என்று ஜோதிடர் கட்டத்தைப் பார்த்துச் சொல்வது இரண்டாவது. அங்கே அது கண்டம். மூன்றாவதுதான் தத்துப்பிள்ளையில் வருவது. அது வடமொழியின் 'தத்த' என்ற சொல், பொருள் 'கொடுக்கப்பட்ட'. தானம், தத்தம், தேவதத்தன் எல்லாம் அதே வேர். ஆகவே தத்துப்பிள்ளை என்றால் கொடுக்கப்பட்ட பிள்ளை. தத்தெடுத்தல் என்றால் கொடுக்கப்பட்டதை எடுத்துக்கொள்ளுதல்.

அதாவது, கொடுத்தவர் ஒருவர் இருந்தார், அறிந்து விரும்பிக் கொடுத்தார் என்பதை இந்தச் சொல் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறது. தத்து, அடையாளம், சொந்தம் பற்றி உலகெங்கும் வந்திருக்கும் ஆவணப்படங்களில் பெரும்பாலானவை இந்த ஒப்புதலைத்தான் கிளறிப் பார்க்கின்றன.

சட்டமும் இந்தப் பொருளை விடவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, குழந்தையை உண்மையிலேயே ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்க வேண்டும் என்கிறது. தத்த ஹோமம் வளர்த்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. கையிலிருந்து கைக்கு மாறுவதுதான் முக்கியம். சுவீகாரப் பத்திரம் பதிவாகி, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டிருந்தால் தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும் என்கிறது 16ஆம் பிரிவு. ஆனால் பொய் என்று மெய்ப்பிக்கும் வரைதான். பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்: பத்திரம் பதிந்தாயிற்று, இனி அசைக்க முடியாது என்று நினைத்துக்கொள்வார்கள். பத்திரம் இருக்கும், கொடுத்து வாங்கிய நிகழ்ச்சிக்குச் சாட்சி இருக்காது. எதிராளி அந்த இடத்தைத்தான் குறிபார்ப்பார்.

இளைஞர் நீதிச் சட்டம் (2015) எல்லா மதத்தாருக்கும் பொது. அதன்படி பெற்றவர் குழந்தையை ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. அது கழியாமல் அந்தக் குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்க முடியாது. கைவிடப்பட்ட குழந்தை வேறு, ஒப்படைக்கப்பட்ட குழந்தை வேறு. முன்னதில் கொடுத்தவர் பெயரே இருக்காது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், பெயர் சொல்லாமல் குழந்தையைத் தொட்டிலில் விட்டுப் போகலாம். அந்தக் குழந்தை வளர்ந்து வேர் தேடினால், தேடல் பெரும்பாலும் அந்தத் தொட்டிலோடு நின்றுவிடும்.

இனி, தத்துக்கு நிகராக நம்மிடம் உள்ள மற்றச் சொற்கள்.

சுவீகாரமும் வடமொழிதான், 'தனதாக்கிக்கொள்ளுதல்' என்று பொருள். தத்து கொடுப்பவர் பக்கம் நிற்கிறது என்றால் சுவீகாரம் எடுப்பவர் பக்கம் நிற்கிறது. செட்டிநாட்டில் 'பிள்ளை கூட்டிக்கொள்வது' என்பார்கள். வீட்டில் இருப்பவர்களோடு இன்னொருவரைக் கூட்டுவது. என் காதுக்கு இவற்றில் மிக இயல்பான தமிழ் இதுதான். 'மஞ்சணீர் குடித்தல்' சடங்கின் பெயர். தத்தெடுக்கும்போது மஞ்சள் கரைத்த நீரைக் குடிப்பதால் வந்தது. இலங்கைச் சட்டத் தமிழ் 'மகவேற்பு' என்கிறது. மகவு, ஏற்பு இரண்டும் தெளிவான தமிழ், பத்திரத்திலும் கச்சிதமாக உட்காரும். தனித்தமிழ்ப் பட்டியல்களில் இதையே சரியான நிகராகக் காட்டலாம், தவறில்லை. ஒரு குறைதான்: ஏற்றவர் மட்டுமே தெரிகிறார், ஈந்தவர் மறைந்துபோகிறார். ஓர் ஆவணப்படத்தின் கேள்வியே 'கொடுத்தது யார்' என்பதாக இருக்கும்போது 'மகவேற்பு' என்று எழுதினால் கேள்வி நழுவிவிடும். சட்ட நடைமுறையைச் சொல்லும்போது மகவேற்பு, உறவைச் சொல்லும்போது தத்து என்று வைத்துக்கொள்வது நல்லது.

நடிகர் கிராமத்தைத் தத்தெடுத்தார், வண்டலூரில் புலியைத் தத்தெடுத்தார்கள் என்றெல்லாம் செய்தி வருகிறது. அங்கே கொடுத்தவர் யாருமில்லை, கெடு முடிந்தால் உறவும் முடிந்தது. 1956 சட்டப்படி முறையாக நடந்த தத்தை ரத்து செய்யவே முடியாது. புலிக்குத் தீனிச் செலவு ஏற்றார்கள் என்று எழுதினால் போதும்.

ஆவணப்படத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்த வகைக்கு வழங்கும் பெயருக்கு அடியில் இருப்பது 'கற்பித்தல்' என்ற லத்தீன் வேர். பாடம், சான்று, பத்திரம் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. 1926இல் ஜான் கிரியர்சன் ஒரு படத்தின் மதிப்புரையில் எழுதிய பிறகு அது திரைச்சொல்லாகப் பரவியது. இலங்கையில் 'விவரணப்படம்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் 'ஆவணப்படம்' நிலைத்துவிட்டது. தத்து பற்றிய படங்களுக்கு அந்தப் பெயர் விசித்திரமாகப் பொருந்துகிறது: ஆவணம் பொய் சொன்னதைக் காட்டும் ஆவணப்படங்கள் அவை.

ஆவணத்தை வைத்து ஓர் ஆளை உரிமை கோரும் வழக்கு தமிழுக்குப் புதிதல்ல. திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய சுந்தரரை நரசிங்க முனையரையர் பெற்றோரிடம் கேட்டு வாங்கி வளர்த்தார். வளர்ப்புப் பிள்ளைதான் அவர். மணநாளில் முதியவர் ஒருவர் வந்து, 'உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இருக்கிறது, நீ எனக்கு ஆள்' என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவை மூன்று வகைச் சான்றில் ஒன்றைக் கேட்கிறது: ஆட்சி (நெடுநாள் வழக்கம்), ஆவணம், அயலார் காட்சி (பிறர் சாட்சி). கிழித்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். பாட்டனின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பெரியபுராணத்தின் அந்த முறை இன்றைக்கும் அப்படியே பொருந்தும். வெளிநாட்டு வளர்ப்புக் குடும்பத்தின் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் படியோலை. மூல ஓலை, குழந்தை பிறந்த நாட்டின் மருத்துவமனைப் பதிவேட்டிலோ காப்பகத்திலோ நீதிமன்றக் கோப்பிலோ கிடக்கும். தேடுபவர்கள் முதலில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். பிறந்த தேதி ஒத்துப்போகிறதா, தாயின் கைரேகையோ கையெழுத்தோ இருக்கிறதா, பல கோப்புகளில் ஒரே முகவரி திரும்பத் திரும்ப வருகிறதா? அதன் பிறகுதான் டி.என்.ஏ. அது இன்றைய அயலார் காட்சி. பெற்றவரோடு பாதி ஒத்துப்போகும். ஒரே தாய்க்கோ ஒரே தந்தைக்கோ பிறந்தவரோடு சுமார் 25 விழுக்காடு. சித்தப்பா பிள்ளைகள், மாமன் பிள்ளைகளோடு சுமார் 12.5. ஒரு சிக்கல்: அந்த 25 விழுக்காடு தாத்தா பாட்டிக்கும் பொருந்தும், அத்தை மாமனுக்கும் பொருந்தும். வயதைச் சேர்த்துப் பார்க்காமல் 'அக்கா கிடைத்துவிட்டாள்' என்று அழுதுவிடக் கூடாது.

கொரியப் போருக்குப் பிறகு தென்கொரியாவிலிருந்து சுமார் 2,00,000 குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். பெற்றோர் உள்ள குழந்தைக்கும், அதை மட்டுமே உறுப்பினராகக் காட்டும் தனிக் குடும்பப் பதிவேடு ஒன்றைத் திறந்தால் தாளில் அது அநாதை. 'காகித அநாதை' என்று சொல்வது இதைத்தான். ஆவணப்பட இயக்குநர் டியான் போர்ஷே லீம் சிறுமியாக 1966இல் கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அவருடைய தாளில் இருந்த பெயர் சா ஜங் ஹீ. அது வேறொரு சிறுமியின் பெயர். அந்தச் சிறுமியை அவள் அப்பா திரும்ப அழைத்துப் போய்விட்டதால், காப்பகம் இவரை அதே பெயரில் அனுப்பிவைத்தது. வளர்ந்த பிறகு வீட்டுத் தாள்களில் இரண்டு புகைப்படங்கள் அகப்பட்டன. இரண்டு வெவ்வேறு முகங்கள், இரண்டிலும் ஒரே பெயர். அவர் எடுத்த இரண்டு படங்கள் (2000, 2010) அங்கிருந்துதான் புறப்படுகின்றன. 2025 மார்ச்சில் அந்நாட்டு உண்மை, நல்லிணக்க ஆணையம், பொய்ப் பதிவுகள் நடந்ததையும் அரசு தன் கடமையில் தவறியதையும் ஒப்புக்கொண்டது.

இலங்கையில் 1980களில் நடந்தது இன்னும் நேரடியானது. தாளில் தாய் என்று கையெழுத்திட்டு, வெளிநாட்டுத் தம்பதியிடம் குழந்தையைக் கொடுத்த பெண் பல நேரங்களில் தாயே அல்ல. கூலிக்கு வந்த 'நடிப்புத் தாய்'. 2017இல் டச்சுத் தொலைக்காட்சியின் புலனாய்வுப் படம் இதை வெளிக்கொணர்ந்தது. ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் 11,000 வரை இருக்கலாம் என்றார்கள். 2021 பிப்ரவரியில் ஓர் ஆணையத்தின் அறிக்கை வந்ததும் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவைத்தது. 'கொடுத்து வாங்கும்' சடங்கு இங்கே முழுதாக நடந்திருக்கிறது. கைமாறியது, கையெழுத்தானது, சாட்சியும் இருந்தது. கொடுத்தவர்தான் பொய்.

இந்தியாவில் வேர் தேட, 18 வயது நிறைந்தவர் மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையத்துக்கோ தத்து கொடுத்த நிறுவனத்துக்கோ தாமே எழுதலாம். அதற்குக் குறைந்த வயதானால் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து கேட்க வேண்டும். மூன்றாம் ஆள் கேட்க முடியாது. படக்குழு தன் பெயரில் மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து கடைசியில் மறுப்பு வாங்குவது இதனால்தான்.

இந்தப் படங்களுக்குத் தமிழில் துணையெழுத்து (திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரி) எழுதுகிறவர் இடறும் சொற்கள் சில. 'உண்மையான அம்மா' வேண்டாம். எழுதினால் மற்றவர் பொய்யாகிவிடுவார். 'நற்றாய், செவிலி' என்ற பழைய இணை அழகானது. ஆனால் நற்றாய் என்றதும் இன்றைய வாசகர் காதில் 'நல்ல தாய்' என்று விழும், செவிலி மருத்துவமனைக்குப் போய்விட்டாள். 'பெற்ற தாய், வளர்த்த தாய்' போதும்.

'சொந்தம்' சிக்கலான சொல். 'நான் யாருக்குச் சொந்தம்' என்றால் உடைமை. 'நான் யாருடைய சொந்தம்' என்றால் உறவு. ஒரு வேற்றுமை உருபில் ஆள் பொருளாகிவிடுகிறார்.

எல்லாவற்றையும்விடக் கடினம் 'நாம், நாங்கள்'. லீமின் 2000ஆம் ஆண்டுப் படத்தின் தலைப்பு, தமிழில் சொன்னால், 'தன்மைப் பன்மை'. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தமிழில் கேட்பவரைச் சேர்ப்பது நாம், விலக்குவது நாங்கள். வளர்த்தவர் 'நாம் ஒரு குடும்பம்' என்பார், அங்கே குழப்பமில்லை. மகள் பெற்ற தாயின் எதிரே உட்கார்ந்து கலிபோர்னியா வீட்டைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள் அங்கே இருந்தோம்' என்றுதான் எழுத முடியும். எழுதிய கணமே எதிரே இருக்கும் தாய் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறாள். கொரியக் குடும்பத்தின் பழைய புகைப்படத்தைக் காட்டி அதே மகள் பேசினால் நாமா, நாங்களா? பேசுகிறவர் முகம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று படத்தை நிறுத்திப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.