காது மெஷினுக்குள் ஓடும் ‘ஸ்ஸ்’ சத்தம்

சிறிய மைக்குகளை வடிவமைப்பது என் தொழில். காது மெஷின் போடுபவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது: “வீடே அமைதியா இருக்கும்போதும் உள்ளே ஸ்ஸ்ஸுன்னு ஏதோ ஓடிக்கிட்டே இருக்குங்க.” தாழ்ந்த சுருதி நன்றாகக் கேட்டு, உயர்ந்த சுருதி மட்டும் மங்கியவர்களை இது அதிகம் உறுத்தும். காது இன்னும் கெட்டுக்கொண்டு போகிறதோ என்று பயந்து மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அணைத்ததும் சத்தம் நின்றுவிட்டால் அது உங்கள் காதில் இல்லை, மெஷினில் இருக்கிறது. பெரும்பாலும் அதன் மைக்கில். அணைத்த பிறகும் கேட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.

பல காது மெஷின்களில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மைக் இருக்கும். ஒன்று கேட்டதிலிருந்து மற்றொன்று கேட்டதைக் கழித்து, பின்பக்கச் சத்தத்தை அடக்கி, எதிரில் பேசுபவரின் குரலை எடுத்துக் கொடுப்பார்கள். கல்யாண மண்டபம் போன்ற இடங்களில் இது பெரிய உதவி. ஆனால் 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 68 சென்டிமீட்டர். அதன் முன்னால் 1 சென்டிமீட்டர் எம்மாத்திரம்? இரண்டு மைக்கும் கிட்டத்தட்ட ஒன்றையே கேட்கின்றன. நேரடியாகக் கழித்தால் மிஞ்சுவது பதினொன்றில் ஒரு பங்குதான். இரைச்சலோ ஒவ்வொரு மைக்கிலும் தனித்தனியாகப் பிறப்பது. கழித்தாலும் குறையாது, 3 டெசிபல் கூடும். மெலிந்துபோன குரலை மறுபடி பெருக்கும்போது அந்த இரைச்சலும் கூடவே பெருகுகிறது.

அந்த இரைச்சல் எங்கே பிறக்கிறது? வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லாம் மின்சுற்றின் குற்றம் என்றே நம்பினேன். ஆம்பிளிஃபையரை மாற்றினேன், மின்தடைகளை மாற்றினேன், வாரக்கணக்கில் அளந்தேன். ஒரு டெசிபல்கூட இறங்கவில்லை. மூத்த பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “காத்தை எடுத்துட்டுப் பாருப்பா” என்றார். மைக்கை வெற்றிடக் கலத்தில் வைத்துப் பம்பை ஓட்டினோம். அழுத்தம் இறங்க இறங்கத் திரையில் இரைச்சல் கோடும் இறங்கியது. ஒலிக்கு ஏற்ப ஆடும் மைக்கின் சவ்வு தானாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்ணில் (ஒத்ததிர்வில்) மட்டும் ஊசி போல ஒரு முகடு எழுந்து நின்றது. அன்று பார்த்த அந்தக் கோடு என் வேலையையே மாற்றிவிட்டது.

இன்று செல்போனில் இருக்கும் சிலிக்கான் மைக் பெரும்பாலும் ஒரு மின்தேக்கி. மெல்லிய சவ்வு, அதற்குச் சில மைக்ரான் தள்ளித் துளைகள் கொண்ட பின்தகடு. இரண்டும் நெருங்கினால்தான் சிக்னல் வலுவாக வரும். நெருங்கினாலோ, நடுவில் இருக்கும் காற்று துளைகள் வழியே பிதுங்கிப் போய்வர வேண்டியிருக்கிறது. அங்கே உரசல். உரசல் இருக்கும் இடத்தில் காற்று மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டமும் சவ்வின்மேல் வந்து விழும்; இயற்பியல் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. எவ்வளவு நல்ல மின்சுற்றைப் பின்னால் வைத்தாலும் இந்த இரைச்சல் போகாது.

சவ்வின் அசைவை மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் அளக்கும் மைக் உதவுவது இங்கேதான். பின்தகட்டின் நடுவில் மட்டும் ஒரு சின்னக் கீற்றணி, அதாவது நெருக்கமாக அடுக்கிய மெல்லிய கீற்றுகள். கீழிருந்து 850 நானோமீட்டர் லேசர். கீற்றணியில் பட்டுத் திரும்பும் ஒளியும், சவ்வில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. சவ்வு அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது 212 நானோமீட்டர் அளவு நகர்ந்தாலே வெளிச்சம் முழு இருளாகிவிடும். சவ்வும் தகடும் எவ்வளவு தூரம் விலகியிருந்தாலும் இந்த 212 மாறாது. ஆகவே இடைவெளியைத் தாராளமாக விடலாம், தகட்டின் மீதிப் பரப்பைத் திறந்தே வைக்கலாம், காற்று தடையில்லாமல் போய்வரும். ஒளியின் நுட்பத்தைப் பார்த்து வியப்பவர்கள் பலர். என்னைப் பொறுத்தவரை அதன் பெரிய உதவி, காற்றுக்கு வழிவிட்டது.

இரண்டு மைக் வைத்துக் கழிக்கும் சிக்கலுக்கு ஓர்மியா ஒக்ரேசியா என்ற ஈ வேறு விடை வைத்திருக்கிறது. அதன் செவிப்பறைகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான். இருந்தும், சில்வண்டு கத்தும் திசையைத் துல்லியமாகப் பிடித்து அதன்மேல் போய் இறங்கும். இரண்டு செவிப்பறைகளையும் ஒரு பாலம் சீசா பலகை போல இணைத்திருப்பதே காரணம் என்று ரொனால்ட் மைல்ஸ், டேனியல் ராபர்ட், ரொனால்ட் ஹாய் மூவரும் 1995இல் விளக்கினார்கள். பிறகு பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் குழு அதே பாணியில் 1 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு சவ்வைச் செய்தது. ஜார்ஜியா டெக்கின் லெவென்ட் டெகர்டெகின் குழு அதற்கு ஒளி உணர்வைச் சேர்த்தது. கழித்தலைச் சவ்வே செய்துவிடுகிறது. அவ்வளவு இளகிய சவ்வுக்கு அருகில் மின்னழுத்தம் ஏற்றிய தகட்டை வைத்தால் அது சவ்வைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டுவிடும் என்பதால் ஒளியே பொருத்தமானது.

ஒளியைப் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். லேசரின் வெளிச்சமே நடுங்கும். கீற்றணியிலிருந்து நேராகத் திரும்பும் கற்றை கூடும்போது விலகித் திரும்பும் கற்றை குறையும். இரண்டையும் அளந்து கழித்தால்தான் அந்த நடுக்கம் அடங்கும். வெப்பநிலை மாறினால் அலைநீளமும் இடைவெளியும் சற்று நகரும். காது மெஷின் பட்டன் பேட்டரி, லேசரை நிறுத்தாமல் எரிய விடத் தாங்காது. மிகக் குறுகிய துடிப்புகளாகத்தான் எரிக்க வேண்டும். சவ்வுக்குப் பின்னால் உள்ள அறை சிறுத்தாலோ, அழுத்தத்தைச் சமன்செய்யும் நுண்துளை பெருத்தாலோ, அங்கேயும் காற்று இரைச்சல் போடும். அதை எந்த லேசரும் தடுக்காது.

இளம் பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை. விவரத்தாளில் 94 டெசிபல் ஒலியை வைத்துத்தான் சிக்னல்-இரைச்சல் விகிதம் போட்டிருப்பார்கள். 65 என்றிருந்தால், 94இல் அதைக் கழிக்க, மைக்கின் சொந்த இரைச்சல் 29 டெசிபல். நார்வேயின் சென்சிபெல் நிறுவனம் தன் ஒளி மைக்குக்குச் சொல்லும் 80 என்றால் 14. பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த எண்கள் ஏ-வெயிட்டிங் போட்டவை, அதாவது மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பச் சரிசெய்தவை. தாழ்ந்த சுருதி இரைச்சலை அது குறைத்தே காட்டும். நுண்துளை இரைச்சல் ஒளிந்திருப்பதும், இரு மைக் கழித்தல் அதிகம் அடிவாங்குவதும் அந்தத் தாழ்ந்த சுருதியில்தான். ஒற்றை எண்ணோடு நிற்காமல் இரைச்சல் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காது மெஷின் வாங்கப் போகிறவர்கள், கடையில் அமைதியான அறையில் பத்து நிமிடம் போட்டு உட்காருங்கள். ஸ்ஸ் கேட்டால், திசை நோக்கும் வசதியை நிறுத்தி ஒருமுறை போட்டுப் பார்க்கும்படி ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) சொல்லுங்கள். சத்தம் தணிந்தால் அது கழித்தலால் வந்தது. அமைதியான இடத்துக்கென்று தனி அமைப்பு ஒன்றை அவரே போட்டுத் தருவார்.