ஜீனோமிக் செலக்‌ஷன்: மரபணுத்தொகைத் தெரிவு

கன்று பிறந்த சில நாளிலேயே அதன் வால்மயிரையோ காதோரச் சதைத் துணுக்கையோ எடுத்து, டிஎன்ஏ முழுக்கப் பரவிக் கிடக்கும் பல்லாயிரம் குறியிடங்களை (மாட்டுக்கு மாடு வேறுபடும் இடங்களை) படித்து, இது பொலிகாளையாகத் தேறுமா என்று கணிப்பதுதான் ஜீனோமிக் செலக்‌ஷன். கன்றின் மரபணுவில் எதையும் சேர்ப்பதில்லை, வெட்டுவதுமில்லை. இதை ‘மரபணு மாற்றம்’ என்று எழுதுவது பெரும் பிழை. விவசாயியை வீணாக அச்சுறுத்தும் பிழையும்கூட.

‘ஜீன்’ என்ற சொல்லை 1909இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1920இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் ஓர் உயிரின் மரபுத் தொகுதி முழுவதையும் ‘ஜீனோம்’ என்றார். ஜீனும் குரோமோசோமின் பின்பாதியும் சேர்ந்த சொல் என்பது பரவலான விளக்கம். அதை ஆராயும் துறைக்கான ‘ஜீனோமிக்ஸ்’ என்ற பெயர் 1986இல் அமெரிக்காவின் தாமஸ் ரோடரிக் தந்தது. மாட்டினத்துக்குப் பயன்படும் கணிப்பு முறையை மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் மூவரும் 2001இல் வகுத்தார்கள்.

அதற்கு முன்பு ஒரு காளையின் தரம் தெரிய அதன் மகள்கள் கிடாரியாகி, கன்று ஈன்று, பால் கறக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஐந்தாண்டுக்குக் குறையாது. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் என்ற கறவை மாட்டினத்துக்கு மரபணுத்தொகைக் கணிப்பு அதிகாரபூர்வமானது. காத்திருப்பு போயிற்று.

சீஃப் என்ற காளையின் கதை இந்த முறையின் அருமையைக் காட்டும். 1962இல் பிறந்த அந்த ஹோல்ஸ்டீனுக்கு 16,000க்கு மேல் மகள்கள், பாலும் கொட்டியது. கூடவே ஐந்தாம் குரோமோசோமில் ஒரு பழுதும் பரவியது. தாய், தந்தை இருவழியிலும் அந்தப் பழுது சேர்ந்தால் கரு வயிற்றிலேயே அழியும். மாட்டுக்காரருக்குத் தெரிவதெல்லாம் ‘சினை நிக்கலை’ என்பது மட்டுமே. 2011இல் ஆய்வாளர்கள் மாடுகளின் டிஎன்ஏ தரவைப் பார்த்தபோது, அந்தப் பகுதியை இரட்டையாகக் கொண்ட மாடு ஒன்றுகூட இல்லை. அந்த இல்லாமையே துப்பு. உலகெங்கும் சுமார் ஐந்து லட்சம் கருக்கள் இப்படி அழிந்திருக்கும் என்பது மதிப்பீடு. இன்று பழுதைச் சுமக்கும் காளையை முன்கூட்டியே அறிந்து, அதைச் சுமக்கும் பசுவுக்குச் சினை ஊசி போடாமல் தவிர்க்கலாம்.

தமிழில் என்ன சொல்வது? ‘மரபணுத் தெரிவு’ போதாது. ஒற்றை மரபணுவைப் பார்த்து எடுப்பதாகப் பொருள்படும். எட்டுத்தொகையில் உள்ள ‘தொகை’ இங்கே கச்சிதம்: மரபணுத்தொகை. ‘தேர்வு’ பரீட்சையை நினைவூட்டுவதால், ‘இயற்கைத் தெரிவு’ போல ‘தெரிவு’. ஆகவே மரபணுத்தொகைத் தெரிவு. நீளம்தான்; ஆனாலும் பொருள் பிசகாது.

நீடித்த கால்நடை வளர்ப்புக்கு இது இருபுறமும் வெட்டும். கனடா 2023 முதல் ஹோல்ஸ்டீன் மாடுகளை மீத்தேன் குறைவாக விடும் தன்மைக்காகவும் மதிப்பிடுகிறது, நல்ல செய்தி. ஆனால் தலைமுறை சீக்கிரம் மாறுவதால், ஒரே குடும்பக் காளைகளையே திரும்பத் திரும்ப எடுத்தால் உறவுக்கலப்பும் சீக்கிரம் ஏறும். அதோடு ஹோல்ஸ்டீனுக்கான கணக்கு காங்கேயத்துக்குப் பொருந்தாது. நாட்டு மாடுகளுக்கென இந்தியா 2024இல் ‘கௌ சிப்’ என்ற டிஎன்ஏ சில்லை வெளியிட்டது. அந்தச் சில்லு குறியிடங்களை மட்டுமே படிக்கும். எந்தக் குறி எந்தக் குணத்தோடு வருகிறது என்று சொல்ல, அந்தந்த இனத்தின் ஆயிரக்கணக்கான மாடுகளின் ஈத்து, பால், நோய்ப் பதிவுகள் வேண்டும். தொழுவத்தில் பதிவேடு வைக்காமல் ஆய்வகத்தில் கணிக்க முடியாது.